மழையில் முழந்தாளிட்ட சாமுராய்

எண்பதுகளின் பிற்பகுதியில் நான் சுவிஸின் வில் நகருக்கு வந்து கணவரோடு சேர்ந்தபோது, ஞாயிறு பின்னேரங்களில் எங்கள் ஹோல் ஒரு சின்னத் தியேட்டராக இருந்தது. கணவரோடு தொழிற்சாலையில் வேலை செய்த இரண்டு பேர் தவறாமல் வருவார்கள். மூத்தவரை எல்லோரும் அண்ணை என்போம். மற்றவர் என்னைவிட இளையவர், அவரைத் தம்பி என்போம்.

சூரிச்சிலிருந்து வரும் தமிழ்க் கசற்றுகள் எல்லாம் பார்த்து முடிந்துபோக, கணவர் ரயில் ஸ்டேஷனுக்குப் பக்கத்து வீடியோக் கடையில் சாமுராய்ப் படங்களை எடுக்கத் தொடங்கினார். ஜப்பான் படமென்றால் சுவிஸ்காரருக்கும் விளங்காது, எங்களுக்கும் விளங்காது, சரிசமம் என்பது அவருடைய நியாயம். கீழே ஓடும் ஜெர்மன் எழுத்தை ஒருவரும் கவனிப்பதில்லை. கதையைக் கணவரே சொல்வார். உறையிலிருந்து வாள் ஒரு விரலளவு வெளியே வந்தால் போதும், தகப்பனைக் கொன்றவன், தமையனைக் காட்டிக்கொடுத்தவன் என்று ஒரு பரம்பரைப் பகையையே கட்டி எழுப்பிவிடுவார். மானம் என்றால் அவருக்குப் பழிக்குப் பழிதான்.

அந்த மாரியில் ஒரு சங்கடம் இருந்தது. கோடையில் நடந்த உதைபந்தாட்டத்தில் கோல் காத்தவர் அண்ணை. தோற்றதற்குத் தம்பிதான் காரணம் என்று எல்லோர் முன்னாலும் ஏசிவிட்டார். அதன்பிறகு நான்கு மாதமாக இருவருக்கும் பேச்சில்லை. ஆனால் படத்தை மட்டும் இருவரும் விடவில்லை. சோபாவின் இரண்டு முனைகளில் இருப்பார்கள். சீனி வேண்டுமென்றால் அண்ணை என்னிடம் சொல்வார், நான் தம்பியிடம் சொல்ல வேண்டும்.

நான் அப்போது வாரத்தில் இரண்டு நாள் தேவாலய மண்டபத்தில் ஜெர்மன் வகுப்புக்குப் போய்க்கொண்டிருந்தேன். ஒரு ஞாயிறு ஓடிய படத்தில், நரைத்த சாமுராய் ஒருவர் கொட்டும் மழையில் ஒரு வீட்டு முற்றத்தில் முழந்தாளிட்டிருந்தார். வாள் அவர் முன்னால் நிலத்தில் கிடந்தது. பூட்டிய கதவுக்குப் பின்னால் ஒரு பெண். பெண் கேட்டு வந்திருக்கிறார், கொடுக்க மறுக்கிறார்கள், இனி வெட்டுத்தான் என்றார் கணவர். எனக்கோ கீழே ஓடிய எழுத்தில் ஒரு சொல் தெரிந்த முகமாக நின்றது. முந்தின வியாழன் படித்த சொல். மன்னிப்பு.

"இஞ்சேருங்கோ, ஒருக்காப் பின்னுக்கு விடுங்கோ" என்றேன்.

அகராதியை எடுத்து வந்து, கணவர் படத்தை நிறுத்தி நிறுத்தி விட, வரி வரியாக வாசித்தேன். அந்தப் பெண்ணின் புருசனை இவர் ஒருகாலத்தில் சபை நடுவே கோழை என்று பழித்திருக்கிறார். அது பொய். அவமானம் தாங்காமல் அந்த மனிதர் ஊரைவிட்டுப் போய் எங்கேயோ செத்துப்போனார். இவர் மன்னிப்புக் கேட்க வந்திருக்கிறார். மூன்று நாளாக மழையில் இருக்கிறார். வாள் உருவ ஒரு கணம் போதும், இந்த முற்றத்துக்கு வர இருபது வருசம் எடுத்தது என்கிறார்.

அண்ணை சோபாவிலிருந்து எழும்பினார். தம்பிக்கு முன்னால் போய் முழந்தாளிட்டு, இரண்டு கையையும் நிலத்தில் ஊன்றித் தலை குனிந்தார்.

"அண்டைக்குப் பந்தை விட்டது நான்தான். உன்னைச் சொன்னது பிழை, தம்பி."

தம்பி பதறிப்போனான். எழும்புங்கோ அண்ணை என்று சொல்லிக்கொண்டே தானும் கீழே குனிய, இரண்டு தலையும் முட்டிக்கொண்டன. பிறகு நாங்கள் சிரித்த சிரிப்பு கீழ்வீட்டுக்கே கேட்டிருக்கிறது.

மணி அடித்தது. கீழ்வீட்டுச் சுவிஸ் அம்மா, சத்தம் போட வேண்டாம் என்று சொல்ல வந்தவர், நிலத்தில் இரண்டு ஆண்கள் இருப்பதைக் கண்டு, ஏதாவது தொலைந்துவிட்டதா என்று கேட்டுத் தானும் குனிந்து தேடத் தொடங்கினார். எனக்குத் தெரிந்த ஜெர்மனில் படத்தைப் பற்றிச் சொன்னேன். கொஞ்சம் யோசித்தார். பிறகு கண்ணாடியைப் போட்டுக்கொண்டு சோபாவின் நடுவில் அமர்ந்துவிட்டார்.

அவர் ஜெர்மனில் சத்தமாக, ஆறுதலாக வாசிக்க, நான் தமிழில் சொன்னேன். கதை சொல்லும் உத்தியோகம் பறிபோன கணவர் தேத்தண்ணி போடக் குசினிக்குப் போய்விட்டார். கடைசியில் அந்தப் பெண் கதவைத் திறந்தாள். உள்ளே வாருங்கள், நனைந்துவிட்டீர்கள் என்றாள். நான் தமிழில் சொல்லும் முன்னமே அண்ணை, விளங்கிட்டுது, விளங்கிட்டுது என்று கண்ணைத் துடைத்தார்.

தேத்தண்ணியோடு வந்த கணவர் என்ன நடந்தது என்று கேட்டார். நாங்கள் நாலு பேரும், கீழ்வீட்டு அம்மா உட்பட, ஒரே நேரத்தில் சொல்லத் தொடங்கினோம்.