பெரிய எழுத்துப் பெயருக்குள் அவள் குரல்

எங்கள் தங்காக் ஊரில் மத்தியான மழை விட்டதும் மேகம் லேடாங் மலையைக் கொஞ்ச நேரம் தன்னிடமே வைத்துக்கொள்ளும். அந்த நேரத்தில்தான் நானும் என் மனைவியும் தேவாலயப் பாடற்குழுவுக்காக வீட்டில் பயிற்சி செய்வோம். அவளுக்கு மேல்குரல், எனக்குக் கீழ்க்குரல். சேர்ந்து பாடினால் இரண்டாவது வரியிலேயே நான் அவள் குரலுக்கு வழுக்கிப் போய்விடுவேன். அதனால் தனித்தனியாகப் பாடிக் கணினியில் பதிவு செய்துகொள்வோம்.

புத்தகத்தில் பாட்டுக்குள்ள எண்தான் கோப்பின் பெயர். நான் தோட்டத்து ஆபீசில் கணக்கெழுதும் கிராணியாக இருந்தவன். முப்பத்தோரு வருஷம் எல்லா ஃபாரங்களையும் பெரிய ஆங்கில எழுத்தில் நிரப்பிய கை, வேறு மாதிரி எழுதாது. என் பதிவு PAATTU17 என்றால் அவளுடையது paattu17. அவள் சின்ன எழுத்தில்தான் தட்டுவாள். எங்கள் பழைய கணினியில் லினக்ஸ் ஓடியது. இரண்டு பெயர்களும் ஒரே ஃபோல்டரில் பக்கத்துப் பக்கத்தில் இருந்தன. என்னுடையவை அறுபத்துநான்கு, அவளுடையவை அறுபத்துநான்கு. ஆக நூற்று இருபத்தெட்டு.

போன வருஷம் அவளுக்குத் தொண்டையில் அறுவை நடந்தது. குரல் திரும்பவில்லை. இப்போது மடியில் ஒரு சின்ன வெள்ளைப் பலகை வைத்துக்கொண்டு எழுதிக் காட்டுகிறாள். அந்தப் பதிவுகளைக் கேட்கலாமா என்று அவள் எழுதிக் காட்டவில்லை. நானும் திறக்கவில்லை. ஞாயிறுதோறும் நூற்று இருபத்தெட்டு என்று எண்ணிவிட்டு மூடுவேன். எண்ணிக்கை சரியாக இருந்தால் உள்ளே அவள் இன்னும் பாடிக்கொண்டிருப்பதுபோல இருக்கும்.

கணினி இரைய ஆரம்பித்ததும் மகள் புதிதாக ஒன்று வாங்கிக் கொடுத்தாள். பாட்டுகளைப் பென்டிரைவில் ஏற்றினேன். பாதியில் ஒரு கேள்வி வந்தது: இதே பெயரில் ஒரு கோப்பு ஏற்கெனவே இருக்கிறது, அதன் இடத்தில் இதை வைக்கவா? ஃபாரத்தில் பெருக்கல் குறி போட்ட இடத்தில் எல்லாம் கையெழுத்துப் போடுகிறவன் நான். எல்லாவற்றுக்கும் ஆம் என்று அழுத்தினேன். அன்று அவளை மருத்துவமனையில் காட்ட வேண்டிய நாள். அந்த அவசரத்தில், பழைய கணினியை முழுக்க அழித்துக் கடைக்காரரிடம் கொடுத்தேன். என் வாழ்நாளில் எண்ணாமல் கொடுத்தது அது ஒன்றுதான்.

மறுநாள் எண்ணினேன். அறுபத்துநான்கு. நான்கு தடவை எண்ணியும் அதேதான். எல்லாமே பெரிய எழுத்து.

செனாயில் வேலையில் இருந்த மகளை அழைத்தேன். போனை மேசைமேல் வைத்திருந்ததால் என் மனைவிக்கும் கேட்டது.

"பழைய கம்ப்யூட்டருக்குப் பெரிய எழுத்தும் சின்ன எழுத்தும் வேற வேற பா. பென்டிரைவுக்கு ரெண்டும் ஒரே பேருதான் லா. பின்னால வர்றது முன்னால இருக்கிறதத் தள்ளிட்டு உக்காந்துக்கும்."

"அப்போ என்னோடதுதான் மிஞ்சியிருக்கு."

"தொறந்து கேட்டீங்களா?"

"பேரப் பாத்தேனே."

"வாசல்ல இருக்கிற பேர அது மாத்தாது பா. உள்ள இருக்கிற ஆளத்தான் மாத்தும். தொறந்து பாருங்க."

போனை வைத்துவிட்டு மவுஸில் கை வைத்தேன், அழுத்தவில்லை. திறக்காதவரை எதுவும் முடிவாகவில்லை. அவள் பலகையில் எழுதினாள்: "அறுபத்துநாலும் உங்க பாட்டா? ஐயோ, அலமாக்." பிறகு என் கையை நகர்த்திவிட்டு அவளே பதினேழைத் திறந்தாள்.

முதலில் அன்றைய மழை வந்தது. அதற்குள்ளிருந்து, மூச்சு இழுத்துக்கொண்டு, அவள் வந்தாள். ஜன்னலுக்கு வெளியே மலை இன்றைய மழையில் கரைந்திருந்தது. எந்த வருஷத்து மழை எது என்று எனக்குப் பிடிபடவில்லை. பக்கத்து வீட்டில் யாரோ பாடுவதைக் கேட்கிறவள்போலத் தலையைச் சாய்த்து அவள் கேட்டுக்கொண்டிருந்தாள். மற்றவற்றையும் கொஞ்சம் கொஞ்சமாகத் திறந்தோம். அறுபத்துநான்கிலும் அவள்தான்.

"என்னோடது எல்லாம் போயிடுச்சே," என்றேன்.

"நீங்கதான் இருக்கீங்களே," என்று எழுதினாள். அதன் கீழே, "பாடுங்க."

பதினேழை மறுபடி ஓடவிட்டாள். இரண்டாவது வரியில் வழக்கம்போல அவள் குரலுக்கு வழுக்கிப் போனேன். பலகையைப் பேனாவால் தட்டி நிறுத்தி, முதலிலிருந்து போட்டாள். நான்காவது தடவைதான் என் குரலிலேயே கடைசிவரை நின்றேன்.

இன்னும் அறுபத்துமூன்று இருக்கின்றன.