துண்டுக்கடியில் போன செல்லத்துரை அண்ணன்

என் கூடப்பிறந்த அண்ணன் மகனுக்குக் கழக்கூட்டத்தில் கம்ப்யூட்டர் வேலை. அமெரிக்கக்காரர்களோடு தினமும் பேசிப் பேசி, அவர்களுடைய பேஸ்பால் பைத்தியம் இவனுக்கும் பிடித்துக்கொண்டது. காலையில் பல் தேய்க்குமுன் போனில் ஸ்கோர் பார்க்கிறவன், போன வாரம் துஷ்டி வீட்டுக்காரன் மாதிரி முகத்தைத் தொங்கப்போட்டு உட்கார்ந்திருந்தான். விசாரித்தால், அவன் உயிரை வைத்திருக்கும் அணி, பந்தெறிவதில் சூரனான ஒருவனை ஆட்டங்கள் பாதி நடந்துகொண்டிருக்கும்போதே வேறோர் அணிக்குக் கொடுத்துவிட்டு, பதிலுக்குப் பேர் தெரியாத இரண்டு பேரை வாங்கிக்கொண்டதாம். "இனி நான் டீமோட நிக்கணுமா அத்தை, அவனோட நிக்கணுமா?" என்று கேட்டான்.

அந்த அணியின் ஊரை அவன் படத்தில்தான் பார்த்திருக்கிறான். சிரித்திருக்கலாம். ஆனால் அதே கேள்வியை நான் பத்து வயதில் கேட்டுக்கொண்டவள். அப்போது நான் கண்டுபிடித்த பதிலை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு வெட்கமாக இருக்கிறது.

ஆரியசாலையில் என் பெரியப்பாவுக்கு அரிசி, பயறு மொத்தக்கடை. நேர் எதிரே ஆணி, கீல், பூட்டு, மண்வெட்டி விற்கும் இரும்புக்கடை. அதன் முதலாளியை நாங்கள் இரும்பு மாமா என்போம். இரண்டு குடும்பமும் திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து மலையாளக் கரைக்கு வந்ததுதான். ஆனாலும் பெரியப்பாவும் இரும்பு மாமாவும் நேருக்கு நேர் பேசி வருஷக்கணக்காகிவிட்டது. சொத்துத் தகராறோ பெண் கொடுத்த தகராறோ இல்லை. ஏதோ ஒரு வருஷத்துக் கிரிக்கெட் ஆட்டத்தில் அம்பயர் கொடுத்த ஓர் எல்.பி.டபிள்யூ. அதற்காக எங்கள் வீட்டுக் கல்யாணத்துக்கு அவர் மொய்யைக் கொடுத்தனுப்பினாரே தவிர, தான் வரவில்லை.

ஓணக் கச்சவடம், அதாவது ஓண வியாபாரம், முடிந்து கடைக்காரர்கள் மூச்சு விடுகிற முதல் ஞாயிற்றுக்கிழமை, புத்தரிக்கண்டம் மைதானத்தில் அரிசிக்கடைக்கும் இரும்புக்கடைக்கும் கிரிக்கெட் நடக்கும். சட்டம் ஒன்றே ஒன்றுதான். எந்தக் கடையில் வேலை செய்கிறாரோ அந்தக் கடைக்காகத்தான் ஆட வேண்டும். முதலாளி வீட்டுப் பிள்ளைகள் ஆடலாம், வெளியாளைக் கூட்டி வரக் கூடாது. வீட்டிலேயே கடைக்குட்டியான எனக்கு ஆட இடமில்லை, அதிலும் பெண். அதனால் ஸ்கோர் நோட்டை என்னிடம் கொடுத்தார்கள். கொடுத்தவர்கள் மறந்துபோனார்கள், நான் மறக்கவில்லை. யார் எத்தனை விக்கெட், யார் எத்தனை கேட்ச் விட்டார்கள் எல்லாம் என் நோட்டில் இருந்தது. மறுநாள் சாப்பாட்டு நேரத்தில் நான் அதை வாசித்தால், சித்தப்பா பாதிச் சோற்றில் எழுந்து போவார்.

அந்த நோட்டின்படி உலகத்திலேயே உயர்ந்த மனிதர் செல்லத்துரை அண்ணன். எங்கள் கடையில் மூட்டை சுமந்து தராசில் ஏற்றுகிறவர். ஊரில் மனைவியும் கைக்குழந்தையும். அவர் தூரத்திலிருந்து ஓடி வந்து பந்து போட்டால், இரும்புக்கடைக்காரர்கள் கண்ணை மூடிக்கொண்டுதான் மட்டையை வீசுவார்கள். எனக்கு ஒன்பது வயதில் நடந்த ஆட்டத்தில் ஆறு விக்கெட். அந்தப் பக்கத்தை மட்டும் நான் சிவப்பு மையில் எழுதியிருந்தேன்.

அடுத்த வருஷம் வெயில் காலத்திலிருந்தே அவர் மூட்டையை இடது தோளுக்கு மாற்றியிருந்தார். கிட்டே போனால் வலிக்குத் தேய்க்கும் கொட்டஞ்சுக்காதித் தைலம் மணக்கும். ஒருநாள் மூட்டை அடுக்கும் கிட்டங்கியில் விளக்கு சுவிட்சைப் போட, வலது கையை இடது கையால் தாங்கித் தூக்கிக்கொண்டிருந்ததை நான் பார்த்துவிட்டேன். அவர் முகம் செத்துப்போயிற்று. "பாப்பா, பெரியப்பாகிட்ட மட்டும் சொல்லீராதீங்க" என்றார். நான் தலையில் கை வைத்துச் சத்தியம் செய்தேன். பெரியப்பாவிடம் சொல்ல மாட்டேன் என்றுதான் சத்தியம். இந்த நுணுக்கம் பிறகு எனக்கு மிகவும் உதவியது.

ஓணத்துக்கு ஒரு மாதம் முன்னால் ஒரு மத்தியானம் பெரியப்பா கடையை விட்டு இறங்கித் தெருவின் நடுவில் போய் நின்றார். எதிர்க்கடையிலிருந்து இரும்பு மாமாவும் இறங்கி வந்தார். இருவரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கவில்லை. பெரியப்பா தோளில் கிடந்த துண்டை எடுத்து இருவருடைய வலது கைகளின் மேலும் போட்டார். அந்தக் காலத்து மொத்த வியாபாரிகளின் வழக்கம் அது. துண்டுக்கடியில் விரலைப் பிடித்து அழுத்தியே பேரம் முடியும், பக்கத்தில் நிற்பவனுக்கு ஒன்றும் தெரியாது. பேச்சுவார்த்தை இல்லாத இருவருக்கு இதைவிட வசதி வேறென்ன? துண்டு கொஞ்ச நேரம் நெளிந்தது. இரும்பு மாமா ஒரு தடவை கையை உருவப் பார்த்தார், பெரியப்பா விடவில்லை. கடைசியில் இருவரும் தலையை ஆட்டிவிட்டு அவரவர் கடைக்குப் போனார்கள்.

சாயங்காலம் செய்தி தெரிந்தது. செல்லத்துரை அண்ணன் இரும்புக்கடைக்கு. பதிலுக்கு எங்களுக்கு டேவிட் அண்ணன்.

டேவிட் அண்ணனைப் பற்றிக் குறை சொல்லக் கூடாது. இரண்டு மூட்டையை ஒரே மூச்சில் தூக்குவார். ஆனால் இரும்புக்கடையில் அவருக்குக் கொடுத்திருந்தது கல்லாவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து பில் போடுகிற வேலை. தினமும் கூட்டலில் தப்புவார். ஆட்டத்தில் அவர் விக்கெட் கீப்பர், அதுவும் அந்த உடம்பைத் தாண்டிப் பந்து போகாது என்ற ஒரே தகுதியில். என் நோட்டின்படி அவர் பிடித்த கேட்ச் பூஜ்யம். யானையைக் கொடுத்துப் பூனையை வாங்கியிருக்கிறார் பெரியப்பா! நான் அவரிடம் பேசுவதை நிறுத்தினேன். அவர் அதைக் கவனிக்கவில்லை என்பதில் எனக்கு இன்னும் கோபம் வந்தது.

செல்லத்துரை அண்ணனோ சந்தோஷமாகப் போனார். சட்டையைத் தேய்த்துப் போட்டுக்கொண்டு, எல்லாரிடமும் சொல்லிக்கொண்டு, தெருவைக் கடந்தார். அதை என்னால் தாங்க முடியவில்லை. நாலு ராத்திரி யோசித்து வழி கண்டுபிடித்தேன். வழியை எனக்குக் கடைதான் சொல்லிக்கொடுத்திருந்தது. வண்டு விழுந்த பயறை யாருக்காவது அனுப்பிவிட்டால், அவர்கள் மூட்டையைத் திருப்பி அனுப்புவார்கள், பெரியப்பாவும் மறுபேச்சில்லாமல் எடுத்துக்கொள்வார். அதுதான் வியாபார மரியாதை. செல்லத்துரை அண்ணனும் கேடான சரக்கு என்று தெரிந்தால் இரும்பு மாமா திருப்பித்தானே அனுப்ப வேண்டும்?

பள்ளிக்கூடம் விட்டு நேராக இரும்புக்கடைக்குப் போனேன். மாமா கல்லாவில் தனியாக இருந்தார். உள்ளே யாரோ ஆணி நிறுக்கும் சத்தம் சளசளவென்று கேட்டுக்கொண்டிருந்தது.

"மாமா, செல்லத்துரை அண்ணனுக்கு வலது தோள் கேடாக்கும். கை மேலே பொங்காது, தூக்க முடியாது. தைலம் தேச்சும் சரியாகலை. திருப்பிக் கொடுத்திருங்க, நாங்க எடுத்துக்கிடுவோம்" என்றேன்.

மாமா மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார். யார் சொல்லி வந்தாய் என்று கேட்டார். நானாகத்தான் வந்தேன் என்றேன். உள்ளே ஆணிச் சத்தம் நின்றிருந்தது.

"தெரியும் மோளே" என்றார். "உங்க பெரியப்பா அன்னைக்கே விரல்ல சொல்லியாச்சு. இது நாங்க ரெண்டு பேரும் தெரிஞ்சு செஞ்ச கச்சவடமாக்கும். இனி இதை ஒருத்தர்கிட்டயும் சொல்லப்பிடாது, கேட்டியா?"

எனக்குத் திகைப்பாக இருந்தது. பெரியப்பாவுக்கு எப்படித் தெரியும்? நான் சொல்லவில்லையே! தெரிந்தே வண்டு விழுந்த பயறை வாங்குகிற வியாபாரி உண்டா? இரும்பு மாமாவுக்குப் புத்தி மட்டு என்று முடிவு செய்தேன். அன்றிரவு பெரியப்பாவின் துண்டைக் கையில் போர்த்திக்கொண்டு, தோள்வலியை எந்த விரலால் சொல்லியிருப்பார் என்று ஒவ்வொரு விரலாக அழுத்திப் பார்த்தேன்.

ஆட்டம் வந்தது. முதல் ஓவரே செல்லத்துரை அண்ணன்தான். பந்து போட அவர் யாரிடமோ மன்றாடியதாகப் பிறகு சொன்னார்கள். பழையபடி தூரத்திலிருந்து ஓடி வந்தார். எங்கள் பக்கம் மட்டை பிடித்தவர் சித்தப்பா. அந்த ஓட்டத்தைப் பார்த்ததுமே சித்தப்பா பயந்து மட்டையை ஓங்கிவிட்டார். ஆனால் கை மேலே வரவில்லை. பக்கவாட்டில் சுழன்று, பந்து சாவகாசமாக வந்தது. சித்தப்பா அதற்குள் மட்டையை வீசி முடித்துவிட்டிருந்தார். பந்து ஸ்டம்பைத் தொட, பெயில்ஸ் விழுந்தது. அடுத்து வந்த டேவிட் அண்ணன் வீசிய வீச்சில் தானே விழுந்தார், பின்னால் ஸ்டம்பும் விழுந்தது. பயந்தவன் மேல் பேய் ஏறும் என்பது சரிதான். பழைய ஆறு விக்கெட்டின் பயத்திலேயே இரண்டு பேர் போய்விட்டார்கள். எங்கள் கூடாரத்தில் கை தட்டிய ஒரே ஆள் பெரியப்பா.

அந்த ஓவரோடு செல்லத்துரை அண்ணனை மாற்றிவிட்டார்கள். அவர் வலது கையை மற்றக் கையால் பிடித்தபடி, மைதானத்தைச் சுற்றிக்கொண்டு நான் உட்கார்ந்திருந்த பாய்க்கு வந்தார். மூச்சு வாங்கியது. கண் சிவந்திருந்தது.

"பாப்பா, ரெண்டு விக்கெட். எழுதியாச்சா?"

"எழுதியாச்சு" என்றேன், நோட்டை மார்போடு அணைத்துக்கொண்டு.

எழுதவில்லை. இருவரும் அவுட் என்று எழுதியிருந்தேன், பந்து போட்டவர் பெயருக்கான கட்டத்தைக் காலியாக விட்டிருந்தேன். எதிர்க்கடைக்குப் போய்விட்டுப் பெருமை பேச என்னிடமே வருகிறாரே என்று எனக்கு ஆத்திரம். ஆறு ரன்னில் தோற்றோம். வீட்டுக்கு வந்து அழுதேன்.

அதற்குப் பிறகு அவர் பந்தைத் தொடவே இல்லை. நான் வளர்ந்து, கல்யாணமாகி, மணக்காட்டுக்குக் குடிபோய், பெரியப்பாவும் இரும்பு மாமாவும் போய்ச் சேர்ந்து, அவர்கள் பிள்ளைகள் கல்லாவில் உட்கார்ந்துவிட்டார்கள். போன வருஷம் சமையலறைக் கதவுக்குக் கீல் வாங்க இரும்புக்கடைக்குப் போனேன். பில் போடும் மேஜையில் அதே செல்லத்துரை அண்ணன், தலை முழுக்க வழுக்கை, நெற்றியில் கண்ணாடி. "வாங்க பாப்பா" என்று நாற்பது தாண்டியவளைக் கூப்பிட்டார். மேல்தட்டிலிருந்த பெட்டியை எடுக்க, கடையில் வேலை செய்யும் பெண்ணைக் கூப்பிட்டார். இந்த மேஜையில் உட்கார்ந்தே மகளை நர்ஸ் படிக்க வைத்துக் கட்டிக்கொடுத்தாராம்.

பேச்சு பழைய ஆட்டத்துக்கு வந்தது. அவர் சிரித்துக்கொண்டேதான் சொன்னார்.

"அன்னைக்கு நீங்க வந்து மாமாகிட்ட பேசினப்ப நான் உள்ள ஆணி நிறுத்துக்கிட்டு இருந்தேன் பாப்பா. அதுவரை ரெண்டு முதலாளியையும் ஏச்சுப்புட்டேன்னுல்லா நெனச்சுக்கிட்டு இருந்தேன். என்னைய பெரிய பௌலர்னு கேட்டு வாங்கிருக்காங்கன்னு ஊருக்குக் கடுதாசியே போட்டுட்டேன். பெறவு ஒரு வாசி, ஒரு பிடிவாதம் வந்துட்டு. கை போனாலும் போகுது, ஒரு ஓவராவது போட்டுக் காட்டணும்னு."

அப்போதுதான் எனக்கு விளங்கியது. மூட்டை தூக்க முடியாதவரைச் சும்மா உட்கார வைத்துச் சம்பளம் கொடுத்தால் அவர் ஊருக்குப் பஸ் ஏறியிருப்பார். எங்கள் கடையில் உட்கார்ந்து செய்கிற வேலையும் கிடையாது. அதனால்தான் பேச்சில்லாத இரண்டு கிழவர்கள் ஒரு துண்டைப் போட்டு, ஓர் ஆட்டக்காரனைக் கைமாற்றுவது போல் ஒரு மனிதனுக்கு மேஜையும் நாற்காலியும் பார்த்துக் கொடுத்திருக்கிறார்கள். தான் பந்துக்காகத்தான் வாங்கப்பட்டதாக அவர் நம்ப வேண்டும் என்பதும் அந்த விரல்களில் பேசி முடித்ததுதான். அதை, அவர் மேல் வைத்த பாசத்தால், அவர் காதில் விழும்படி உடைத்தவள் நான். அந்த இரண்டு விக்கெட்டை அவர் பெருமைக்காக என்னிடம் சொல்ல வரவில்லை. கேடான சரக்கு என்று சொன்னவளிடம் அல்லவா எழுதிக்கொள்ளச் சொன்னார்!

"ரெண்டு விக்கெட் எழுதினீங்கல்லா பாப்பா?" என்று கேட்டார். முப்பது வருஷம் கழித்தும் கேட்டார்.

"எழுதினேன் அண்ணே. சிவப்பு மையில" என்றேன்.

அவர் தலையாட்டிவிட்டு, கண்ணாடியை இறக்கிக்கொண்டு, இரண்டு கீலுக்கும் எட்டுத் திருகாணிக்கும் பில் போட்டார். மேலே என் முழுப்பெயரையும், என்னிடம் கேட்காமலே, ஓர் எழுத்து விடாமல் எழுதித் தந்தார்.