சூடம் காட்டாத ஸ்பேனர்

ஸ்ரீரங்கத்திலிருந்து ஒகேனக்கல்லுக்கு பைக்கில் போக வேண்டும் என்று எனக்கு ஏன் தோன்றியது என்று கேட்டால் சொல்லத் தெரியாது. வீட்டுக்குப் பின்னால் ஓடும் காவிரித் தண்ணீர் எங்கே விழுகிறது என்று போய்ப் பார்க்க வேண்டுமாம். ஐம்பத்திரண்டு வயதுக்கு இது போதுமான காரணம் இல்லை என்பது மனைவியின் கருத்து. எனக்கும் ஏறக்குறைய அதே கருத்துதான்.

போன ஆடியில் துறையூர்ப் பக்கம் போய் பைக் நின்றுபோனபோது, மனைவியின் தம்பி தன் லோடு ஆட்டோவில் வாழைத்தார்களுக்கு நடுவே என் வண்டியைப் படுக்க வைத்துக் கொண்டுவந்தான். அன்றே தீர்ப்பு வந்துவிட்டது. “இன்னொரு தடவ என் தம்பி ஆட்டோல உங்க வண்டி ஏறுச்சுன்னா, அது வீட்டுக்கு வராது. நேரா விக்கத்தான் போகும்.” அவள் சொன்னால் சொன்னதுதான். ஆகவே இந்த முறை வழியில் எது கெட்டாலும் நானே சரிசெய்வது என்று முடிவு செய்து, அதற்கான பையைத் தயார்செய்ய ஆரம்பித்தேன்.

மூன்று வாரம் வீடியோக்கள் பார்த்தேன். ஒருவர் செயின் லிங்க் இல்லாமல் தெருமுனையைக்கூடத் தாண்டாதே என்றார். இன்னொருவர் அதெல்லாம் வீண் சுமை, பெட்ரோல் குழாய் இருக்கிறதா என்றார். இருவர் சொன்னதையும் வாங்கினேன். பிறகு பையைத் தூக்க முடியவில்லை. பாலக்கரையில் என் வண்டியைப் பழுது பார்க்கும் பாயிடம் கொண்டுபோனேன். பாய் பையைக் கவிழ்த்துக் கொட்டி, ஒவ்வொன்றாகப் பார்த்தார்.

“சார், இவ்ளோத்தையும் தூக்கிட்டுப் போறதுக்கு என்னையே கூட்டிட்டுப் போயிரலாம். வெயிட் கம்மி.”

அவரே கழித்துக் கட்டினார். நாலு ஸ்பேனர், டயர் கழற்ற இரண்டு லிவர், ஒரு ட்யூப், காலால் மிதிக்கும் பம்ப், ஸ்பார்க் பிளக், கிளட்ச் கேபிள், கொஞ்சம் கட்டுக்கம்பி. அவ்வளவுதான்.

“பஞ்சரானா ட்யூப் மாத்தத் தெரியுமா?”

“வீடியோ பாத்திருக்கேன் பாய்.”

“அப்ப நான் துஆ செய்றேன்” என்றார். எனக்காகப் பிரார்த்திப்பதாகச் சொன்னது கேலியா அக்கறையா என்று அவர் முகத்தைப் பார்த்துக் கண்டுபிடிக்க முடியவில்லை.

புறப்படும் நாளை விஜயதசமியாக நான் தேர்ந்தெடுத்தது லீவுக்காக மட்டுமே. முதல் நாள் ஆயுத பூஜை என்பது நாள்காட்டியில் இருந்தது, என் மண்டையில் இல்லை. மாலை வீட்டுக்கு வந்தால் பூஜை அறையில் பலகை போட்டு, என் புத்தகங்களை அடுக்கி, அவற்றுக்குக் கீழே அந்தப் பையையும் வைத்து, ஸ்பேனர் ஒவ்வொன்றுக்கும் சந்தனப் பொட்டு இட்டிருந்தாள் மனைவி. வைத்ததை மறுநாள் நைவேத்தியம் செய்து, சூடம் காட்டி, கொஞ்சம் வடக்கே நகர்த்திய பிறகுதான் தொடலாம். அது எட்டரை மணிக்கு மேல். நான் கிளம்ப நினைத்ததோ ஐந்தரைக்கு.

அவள் பால் வாங்க வாசலுக்குப் போன நேரத்தில் பையை உருவினேன். புத்தகங்கள் சரிந்தன. வாழ்நாளெல்லாம் படித்த பழக்கத்துக்கு அவை எனக்குத் தந்த ஒத்துழைப்பு அவ்வளவுதான்.

தொட்டியம் தாண்டவில்லை. வாழைத் தோட்டங்களுக்கு நடுவே பின் சக்கரம் தளர்ந்து தள்ளாடியது. ஏழேகால்தான் ஆகியிருந்தது. இறங்கிப் பார்த்தேன், வீடியோவில் பார்த்த சக்கரத்துக்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை. நல்லவேளை, கொஞ்ச தூரத்தில் ஒரு பஞ்சர் கடை. உருட்டிக்கொண்டு போனேன். வாசலில் உடைத்த பூசணிக்காய், உள்ளே மாலை போட்ட கம்ப்ரஸர், சாமி படத்துக்கு முன்னால் குங்குமம் வைத்த சாமான்கள். கடைக்காரர் வெளியே பெஞ்சில் உட்கார்ந்து பொரி தின்றுகொண்டிருந்தார்.

“சாமான் எல்லாம் பூஜையில இருக்கு சார். அண்ணன் பழனிக்குப் போயிருக்காரு. சாயங்காலம் வந்து அவருதான் எடுக்கணும். அதுவரைக்கும் தொடமாட்டேன்.”

“வேற கடை?”

“எங்க போனாலும் இன்னிக்கு இதே கதைதான்.” என் பையைப் பார்த்தார். “உங்ககிட்ட சாமான் இருக்கா? இருந்தா நிமிஷமா மாத்திர்றேன். கைய ஒண்ணும் பூஜையில வைக்கலியே.”

அவரிடம் கை இருந்தது, என்னிடம் சாமான் இருந்தது. பையைத் திறந்தேன். ஸ்பேனரோடு சாமந்திப் பூ ஒன்றும் வந்து விழுந்தது. சந்தனப் பொட்டையும் பூவையும் பார்த்தவர் கையைப் பின்னால் கட்டிக்கொண்டார்.

“எடுத்தாச்சுல்ல சார்?”

எடுத்தாச்சு என்று சொல்லியிருக்கலாம். எடுத்துத்தானே வந்திருக்கிறேன். ஆனால் அவர் கேட்டது அது இல்லை என்று இருவருக்கும் தெரியும். நான் விழித்த விழியிலேயே அவருக்குப் புரிந்துவிட்டது.

“வீட்டுல ஒரு போன் போட்டுக் கேட்டுருங்க சார்.”

போன் போட்டால் வண்டி நின்றது தெரிந்துவிடும். போடாவிட்டால் சாயங்காலம் வரை பொரி தின்ன வேண்டும். இல்லாவிட்டால் மைத்துனனைக் கூப்பிட வேண்டும். வெகுநேரம் யோசித்து, குழப்பம் கூடியதே தவிரக் குறையவில்லை என்றானதும் போன் செய்தேன். மணி எட்டரை தாண்டியிருந்தது.

“பூஜை ஆச்சா?”

“கல்யாணமாகி இத்தன வருஷத்துல நீங்க இதக் கேட்டதே இல்ல. எங்க நிக்கிறீங்க?”

“தொட்டியம்.”

“ஒகேனக்கல்னீங்க?”

“அதுக்கு முன்னாடி தொட்டியம் வருது.”

விஷயத்தைச் சொன்னேன். அந்தப் பக்கம் தீக்குச்சி உரசும் சத்தம் கேட்டது. பிறகு, “ஸ்பீக்கர்ல போட்டு சாமான் பக்கத்துல வைங்க” என்றாள். வைத்தேன். போனுக்குள்ளிருந்து மணி அடித்தது. கடைக்காரர் செருப்பைக் கழற்றிவிட்டு நின்றார். நானும் ஷூவைக் கழற்றினேன்.

“வடக்க நகத்துங்க.”

எது வடக்கு என்று எனக்குத் தெரியவில்லை.

“காவிரிக்கு முதுகக் காட்டுங்க சார், எதுக்க இருக்கறது வடக்கு” என்றார் கடைக்காரர். பையை ஒரு சாண் நகர்த்தினேன்.

ஸ்ரீரங்கத்தில் காட்டிய சூடம் தொட்டியத்து ஸ்பேனருக்கு எட்டுமா என்று எனக்குச் சந்தேகம். அவருக்கு இல்லை. கன்னத்தில் போட்டுக்கொண்டு வேலையில் இறங்கினார். அரைமணியில் புது ட்யூப் ஏறிவிட்டது. கம்ப்ரஸருக்கு மாலை போட்டிருந்ததால் காற்றை நான்தான் மிதித்து அடித்தேன்.

மூச்சு வாங்க மறுபடி கூப்பிட்டேன். “சரியாயிடுச்சு. உன் தம்பியக் கூப்பிடல, கவனிச்சுக்க.”

“ம். அப்ப அவனத் திரும்பி வரச் சொல்லிர்றேன்.”

“எங்கேருந்து?”

“முசிறியில டீ குடிச்சிட்டிருக்கான். புத்தகமெல்லாம் சரிஞ்சு கெடந்துச்சே, அப்பவே காலி ஆட்டோவோட உங்க பின்னாடி அனுப்பிட்டேன்.”

அந்த ஆட்டோ என்னை ஏற்றிவரப் புறப்பட்டதா, வண்டியை விற்க ஏற்றிப்போகப் புறப்பட்டதா? கேள்வி வாய்வரை வந்தது. கேட்கவில்லை. ஸ்பேனர்களைச் சந்தனத்தோடு பைக்குள் போட்டுக்கொண்டு மேற்கே கிளம்பினேன். முசிறி எனக்குப் பின்னால் இருந்தது நல்லதாகப் போயிற்று.