சிமெண்ட் பால் பூசிய இருபது அடி

திருப்பரங்குன்றம் பக்கத்தில் ஒரு கண்மாய்க்கரையில், நடப்பவர்களுக்கும் சைக்கிளில் போகிறவர்களுக்குமாகப் பாதை போட்டோம். நான் ஒப்பந்ததாரரின் சைட் இன்ஜினியர். மணல் சேர்க்காமல் ஜல்லியும் சிமெண்டும் மட்டும் கலந்து போடும் கான்கிரீட் அது. மழைத்தண்ணீர் ஜல்லிகளுக்கு இடையே இறங்கி மண்ணுக்குள் போய்விடும். முதல் நூறு அடியை மாதிரிக்குப் போடச் சொல்லியிருந்தார்கள். அதில் தண்ணீர் நின்றால் மீதிப் பாதை முழுக்கச் சாதாரண கான்கிரீட்தான் என்று வேலையைக் கொடுத்த துறையின் அதிகாரி சொல்லிவிட்டார். மாதிரிக்கு அவரைச் சம்மதிக்க வைக்கவே நான்கு மாதம் அலைந்திருந்தேன்.

அவர் வரவேண்டிய நாள் காலையில் போய்ப் பார்த்தால், கடைசி இருபது அடி மட்டும் வழவழவென்று இருந்தது. ஒரு குடம் தண்ணீர் ஊற்றினேன். சொட்டுக்கூட இறங்காமல் ஓரத்துப் புல்லுக்கு ஓடியது.

கொத்தனார் சிரித்துக்கொண்டே வந்தார். "எப்படிம்மா இருக்கு? நேத்துத் தார்ப்பாயை எடுத்தா ஒரே ஓட்டை. சிமெண்டைப் பால் மாதிரி கரைச்சு ஊத்தித் தேச்சு விட்டேன். இருட்டுறதுக்குள்ள இருபது அடிதான் முடிஞ்சுச்சு. ஆபீசர் வாரப்ப அம்புட்டு ஓட்டையோட கிடந்தா நமக்குத்தானே அசிங்கம்?"

"அண்ணே, அந்த ஓட்டை வழியாத்தானே தண்ணி இறங்கணும்!"

"போன சைட்ல தூணுல நாலு ஓட்டை இருந்துச்சுன்னு நாள் பூரா என்னைய வஞ்சது யாரு?"

நான்தான். கலவை அளவு, ஜல்லி அளவு, மூடிவைக்க வேண்டிய நாட்கள் என்று எல்லாவற்றையும் வரிசையாக எழுதிக் கொடுத்திருந்தேன். மேலே எதையும் பூசக் கூடாது என்று மட்டும் எழுதவில்லை.

நோட்டில் மூன்று வழிகளைக் குறித்தேன். கழுவிப் பார்க்கலாம், ஆனால் பால் இறுகிவிட்டது. அதிகாரியை வேறொரு நாள் வரச் சொல்லலாம். மறுபடி அவர் வருவது சந்தேகம். உடைத்துவிட்டுப் புதிதாகப் போடலாம். மூன்றாவதை வட்டமிட்டு, கொத்தனாரிடம் சொன்னேன்.

"எதுக்கும்மா? அங்கிட்டு எம்பது அடி நல்லாத்தானே கிடக்கு. அங்கன மட்டும் ஊத்திக் காட்டுவோம். யாருக்குத் தெரியப் போகுது?"

"ஒரு மழை பெஞ்சா ஊருக்கே தெரியும்ண்ணே."

நான்கு மணிக்கு அதிகாரி வந்தார். இரண்டு இடத்திலும் ஊற்றிக் காட்டினேன். ஒரு பக்கம் ஊற்ற ஊற்றத் தண்ணீர் மறைந்தது. இன்னொரு பக்கம் அவருடைய ஷூ நனைந்தது. நடந்ததைச் சொன்னேன்.

"உங்க ஆளே பூசிட்டாரு. நாளைக்கு வேற ஆளு வந்து பூசினா?"

"எழுதிக் கொடுக்காதது என் தப்பு சார். உடைச்சுட்டுத் திரும்பப் போடுறோம். பத்து நாள் கொடுங்க."

"பத்து நாள்தான். அப்பவும் நின்னுச்சுன்னா பேச்சே கிடையாதும்மா."

மறுநாள் காலை முதல் கடப்பாரையைக் கொத்தனாரே போட்டார். உச்சி வெயிலுக்குள் உடைத்து அள்ளினோம். சாயங்காலம் புதுக் கலவையைப் போட்டு, தார்ப்பாயால் மூடினோம். அதற்குப் பிறகு அந்தப் பக்கம் பூசுகிற கரணையோடு யார் போனாலும் கொத்தனார் விடவில்லை. "ஏ மாப்ள, அங்க என்ன சோலி? கரணையைக் கீழ வச்சுட்டுப் போ!"

பத்தாம் நாள் அதிகாரி குடத்தைத் தானே வாங்கி ஊற்றினார். தண்ணீர் இறங்கிப் போனது. நம்பாமல் இன்னொரு குடம் கேட்டார். அதுவும் போனது.

"சரி, மீதியையும் இப்படியே போடுங்க" என்றார்.

அன்று சாயங்காலமே அடுத்த நூறு அடிக்கு அளவெடுத்துக் கயிறு கட்டினோம்.