புதுமலைக்கு நான் சுமந்த கொப்புகள்

எனக்கு ஐந்தாம் வகுப்போடு படிப்பு நின்றுவிட்டது. எழுத்து கோணலாகத்தான் வரும், மறதியும் கூடிவிட்டது. பொறுத்துக்கொள்ளுங்கள்.

இந்தக் குளிர்தேசத்தில், புவாண்ட்-கிளேர் என்கிற ஊரில், மகன் வீட்டுப் பின்பக்கம் நின்ற பைன் மரத்தைப் போன கிழமை வெட்டினார்கள். பட்டைக்குள் வண்டு. லொங்குய் என்கிற இன்னொரு ஊரில் இருக்கிற மகளுக்கு அடுப்பெரிக்க ஆகுமே என்று விறகைக் கட்டப்போனேன். மரம் வெட்ட வந்தவர் பிரெஞ்சில் சத்தம் போட்டார். யாழ்ப்பாணத்து மருமகள் ஓடிவந்தாள்.

"வேண்டாம் மாமி. ரெண்டு கோடை மழையில்லாமல் மரம் களைச்சுப் போச்சாம், அதாலதான் வண்டு ஏறினதாம். தெம்பான மரமெண்டா பிசின் விட்டே தள்ளிப்போடுமாம். இந்த விறகைக் கொண்டுபோனா வண்டும் கூடவே போகுமாம்."

கயிற்றை அவிழ்த்துவிட்டு உள்ளே போய் உட்கார்ந்துவிட்டேன்.

எட்டு வயதில் ஊரில் நடந்தது நினைவுக்கு வந்தது. கண்டிப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்தில் அம்மா கொழுந்து எடுத்தாள். அந்த வருடம் அவளுக்குக் கொடுத்த செடி வரிசையில், அந்த நிரையில், கைபட்ட கொப்பெல்லாம் ஒடிந்தது.

"ஒன் கையி என்னா இரும்பா?" என்றார் கங்காணி, எல்லாருக்கும் முன்னால்.

"நா ஒடிக்கலீங்க. தொட்டாலே ஒடியுது."

"தொட்டா ஒடிய அது என்னா அப்பளமா? இன்னொரு வாட்டி ஒடிஞ்சி கெடந்துச்சி, கொழுந்தவிட்டு எறக்கி புல்லு வெட்ட அனுப்பிருவேன்."

மற்றப் பெண்கள் சிரித்தார்கள். அம்மா சிரிக்கவில்லை.

மறுநாளிலிருந்து பள்ளிக்கூடம் விட்டதும் ஒரு சாக்கோடு மலைக்குப் போனேன். ஒடிந்த கொப்புகளைப் பொறுக்கினேன். முனையில் குண்டூசி நுழையும் அளவுக்குத் துளை இருக்கும். எறும்பு வீடாக இருக்கும் என்று ஊதிப் பார்ப்பேன். நாங்கள் குடியிருந்த லயத்துக்குக் கொண்டுபோனால் வழியில் கங்காணி காண்பார். அதனால் பக்கத்தில் புதிதாகக் கன்று நட்ட மலையில், செடிகளுக்கு அடியில் தள்ளிவிடுவேன். அங்கே யாரும் வருவதில்லை. அம்மா பார்த்தாள். "அட்டை கடிக்கும், பாத்துப் போ" என்று மட்டும் சொன்னாள்.

கங்காணிக்குத் திருப்தி. "இப்பதான் கையி பழகியிருக்கு" என்றார். புதுமலையில் கன்றுகள் வளர்ந்து கொழுந்து எடுக்கத் தொடங்கியபோது அம்மாவுக்கே முதல் நிரையைக் கொடுத்தார். அவள் தொட்ட மூன்றாவது செடியில் கொப்பு ஒடிந்தது. பிறகு அடுத்ததில். அந்தக் கிழமையே அவளைப் புல்லு வெட்ட இறக்கிவிட்டார்கள்.

அன்று பொழுதுபட அம்மா கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். "என் கைராசி அப்புடி" என்றாள். நானும் அதை நம்பினேன். சாகும்வரை அவள் அந்தக் கையைத்தான் நொந்தாள்.

அப்படித் துளை விழுந்து கீழே கிடக்கும் கொப்பிலிருந்து பச்சைச் செடிக்கு வண்டு ஏறுமா என்று எனக்குத் தெரியாது. தெரிந்தவர்கள் விசாரித்துச் சொல்லுங்கள். என்மேல்தான் தப்பென்றாலும் மறைக்க வேண்டாம்.