வெள்ள முகாமில் என் ஆட்கள்

வானம் இருண்டால் மற்றவர்கள் கொடியில் காயும் உடுப்பை எடுக்க ஓடுவார்கள்; மாற்றுத்திறனாளிகளுக்கான கள உத்தியோகத்தர்கள் நாங்கள் பெயர்ப் பட்டியலை எடுக்க ஓடுவோம். அதில் உள்ளவர்கள் கூப்பிட்டவுடன் வரக்கூடியவர்கள் அல்ல என்பது இந்த வேலையில் மாட்டிக்கொண்ட உங்களுக்கும் தெரியும்.

ஒலிபெருக்கி

குளத்தில் நிரம்பிய தண்ணீரை வெளியேற்ற வான்கதவைத் திறக்கப் போவதாக கண்டாவளைப் பக்கம் ஆட்டோவில் ஒலிபெருக்கி கட்டி அறிவித்தார்கள். சுகந்திக்குக் காது கேளாது. தனியாக இருந்து தையல் வேலை செய்பவள். நான் உழவு இயந்திரத்தில் போய்ச் சேர்ந்தபோது வீட்டுக்குள் இடுப்பளவு தண்ணீர். மேசைக்கு மேல், தைத்து முடித்த சட்டைகளை மடியில் வைத்தபடி அவள் உட்கார்ந்திருந்தாள்.

முகாமுக்கு வந்த பிறகு என் கொப்பியை வாங்கி எழுதிக் காட்டினாள்: "எல்லாரும் ஓடினதைக் கண்டனான். ஏனெண்டு ஒருத்தரும் என்ர பக்கம் திரும்பிச் சொல்லேல்லை."

மூடி திறக்காத போத்தல்

பள்ளிக்கூடம்தான் முகாம். மணியம் அண்ணை போர்க்காலத்தில் ஷெல் விழுந்து இடுப்புக்குக் கீழே இயங்காதவர். சக்கர நாற்காலியில் வகுப்பறை மூலையில் இருந்தார். "என்ன தேவை அண்ணை?" என்று கேட்கும்போதெல்லாம் "ஒண்டுமில்லை" என்பார். இரண்டாம் நாள்தான் அவருடைய உதடு வெடித்திருந்ததைக் கவனித்தேன். கொடுத்த தண்ணீர்ப் போத்தல் மூடிகூடத் திறக்காமல் பக்கத்தில் இருந்தது.

"ஏன் அண்ணை குடிக்கேல்லை?"

அவர் மலசலகூடத்தைப் பார்த்தார். வாசலில் மூன்று படி. கதவோ நாற்காலி நுழையாத ஒடுக்கம். ஒவ்வொரு முறையும் நாலு பேரைக் கூப்பிட்டுத் தூக்கச் சொல்ல வேண்டும். எனக்கு முகம் சுருங்கிப் போனது. இரண்டு நாளும் அந்தப் படியில் ஏறி இறங்கியவள் நான்.

பிளாஸ்டிக் கதிரை ஒன்றின் நடுவை வெட்டி, கீழே வாளி வைத்து, மூலையைச் சுற்றிப் படுக்கை விரிப்பால் மறைப்புக் கட்டினோம். அண்ணை போத்தலை ஒரே மூச்சில் குடித்து முடித்தார்.

"இவ்வளவு வெள்ளத்துக்குள்ள தண்ணி குடிக்காமல் இருந்தவன் நான் ஒருத்தனாத்தான் இருக்கும், தங்கச்சி" என்றார்.

இறங்க மறுத்தவர்

ராமையா ஐயாவுக்குக் கண் தெரியாது. மலையகத்திலிருந்து வந்து அக்கராயனில் குடியேறியவர். மனைவி செத்தபின் தனியாள். முகாமில் ஐந்து நாளும் அவரைச் சுற்றி யாராவது இருந்தார்கள். ஒருவர் சோற்றுத் தட்டைக் கையில் கொடுப்பார், இன்னொருவர் கதை கேட்பார். சிரித்துக்கொண்டே இருந்தார்.

தண்ணீர் வற்றியதும் ஆட்டோவில் அவரை வீட்டுக்குக் கூட்டிப் போனேன். உள்ளே சேற்றைக் கூட்டி, அடுப்பு எந்தப் பக்கம், கட்டில் எந்தப் பக்கம் என்று கையைப் பிடித்துக் காட்டத் தயாராகி வெளியே வந்தால், மனுஷன் ஆட்டோவை விட்டு இறங்கவில்லை. "வீடு வந்திட்டுது ஐயா" என்றேன். கம்பியைப் பிடித்த கையை எடுக்காமல் கேட்டார்:

"அடுத்த மழை எப்பன்னு ரேடியோவுல ஏதும் சொன்னாங்களா, தாயி?"

'அனைவரும் பாதுகாப்பாக வீடு திரும்பினர்' என்று அறிக்கையை எழுதி முடித்துவிட்டு, 'என்ன தேவை' என்று கேட்க ஒருவரும் இல்லாத என் வாடகை அறைக்கு நானும் பாதுகாப்பாகவே திரும்பினேன்.