பூத்ததும் மடக்க வேண்டும்

போன ஞாயிற்றுக்கிழமை ஒரு கெட்ட செய்தியைச் சொல்வதற்காக வண்ணார்பேட்டையில் பஸ் ஏறினேன்.

சேரன்மகாதேவி பக்கம் எங்கள் குடும்பத்துக்கு இரண்டு ஏக்கர் வயல். இருபது வருஷமாக வாய்வார்த்தைக் குத்தகைக்குப் பயிர் வைப்பவர் பேச்சிமுத்து. என் வயசுதான். அந்த வயலை விற்றுவிட்டோம். அண்ணன் தம்பி மூன்று பேரும் பாளையங்கோட்டையில் கையெழுத்துப் போட்டாயிற்று. வாங்கியவர் பிளாட் போடப்போகிறார்.

இதைப் போனில் சொல்வது முறையா? நேரில் போய்ச் சொல்வதுதானே மரியாதை? பெரிய மனுஷன் மாதிரி கிளம்பிவிட்டேன்.

வரப்பில் ஏறியதும் கால் நின்றுவிட்டது. வயல் முழுக்க மஞ்சள் பூ. நெல் இல்லை... சணப்பு.

தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். சணப்பு பயறு ஜாதி. தண்டிலிருந்து கயிறு திரிக்க நார் எடுக்கலாம். ஆனால் எங்கள் பக்கம் நாருக்காகப் போடுவதில்லை, மண்ணுக்காகப் போடுகிறார்கள். பூத்ததும் தண்ணீர் கட்டி, அப்படியே மடக்கி உழுது அழுகவிட வேண்டும். அழகாக இருக்கிறதே என்று விட்டுவைத்தால் தண்டு முற்றிவிடும். பிறகு லேசில் மக்காது.

“வாங்க அண்ணாச்சி! சொல்லியிருந்தா பஸ் ஸ்டாப்புக்கே வந்திருப்பம்லா” என்று ஓடி வந்தார் பேச்சிமுத்து.

“என்ன வே, இந்தக் கார் போகத்துக்கு நெல்லு போடலையா?”

“போடல அண்ணாச்சி. உரத்தக் கொட்டிக் கொட்டி மண்ணு செத்துப் போச்சு. ஒரு பூவு நெல்லு போனாப் போகட்டும்னு சணப்ப வெதச்சிட்டேன். மூணு வருசம் இப்படிப் போட்டா மண்ணு பழையபடி வந்துரும், பாருங்க.”

மூன்று வருஷம்! ஒரு போகத்து நெல்லை விட்டுக்கொடுத்திருக்கிறார், இனி அவருக்கு இல்லாத மண்ணுக்காக.

அப்போதாவது சொல்லியிருக்க வேண்டாமா? வாயில் கொழுக்கட்டையா வைத்திருந்தேன்?

“நல்ல வேளைக்கு வந்திய. நாளைக்கு மடக்கி உழலாம்னு இருக்கேன். வயக்காரவுக ஒரு வார்த்தை சொல்லிட்டா நல்லதுல்லா?”

வயக்காரவுக! அந்தப் பட்டம் போன வாரத்தோடு போயிற்று. ஆனாலும் சொன்னேன்: “மடக்கிரும் வே.”

“ஒரு போட்டோ எடுத்துக்கிடுங்க. நாளைக்கு வந்தா இந்தப் பூவப் பாக்க முடியாது” என்றார். எடுத்தேன். வேறென்ன செய்யத் தெரியும் எனக்கு? திரும்பும்போது பஸ்ஸிலேயே ஸ்டேட்டஸிலும் வைத்தேன்.

வியாழக்கிழமை, வயலை விற்றுக்கொடுத்த புரோக்கர் ஒரு விளம்பரம் அனுப்பினார். ‘பூத்துக் குலுங்கும் இயற்கைச் சூழலில் வீட்டுமனைகள்!’ மேலே என் போட்டோ. ‘உங்க ஸ்டேட்டஸ்ல இருந்து எடுத்தது சார், சூப்பர்’ என்று பாராட்டு வேறு.

அதைப் பார்த்துக்கொண்டிருக்கும்போதே பேச்சிமுத்துவின் போன்.

“அண்ணாச்சி, மடக்கியாச்சு! தண்ணி கட்டியிருக்கேன், நல்லா அழுகுது. அடுத்த போகம், பிசானத்துக்கு நெல்லு எப்படி வருதுன்னு மட்டும் பாருங்க.”

“சந்தோஷம் வே” என்றேன். மறுபடியும்!

வெட்கமாக இருக்கிறது. கையெழுத்துப் போடுவதற்கு முன்பே அவரிடம் ஒரு வார்த்தை கேட்டிருக்க வேண்டும். கேட்கவில்லை. போட்ட பிறகாவது சொல்லியிருக்க வேண்டும். அதற்கும் துப்பில்லை. இனி எதைச் சொல்லி என்ன... அந்தச் சணப்பு அழுகி உரமாவதற்குள் மேலே செம்மண் அடித்துவிடுவார்கள். என்ன சமாதானம் சொன்னாலும் இது துரோகம்தான்.

பேச்சிமுத்து ஒவ்வொரு வாரமும் டீக்கடையில் இந்தப் பத்தியைத் தவறாமல் படிப்பவர். “ஒங்க பேரப் பாத்தா விடமாட்டேன் அண்ணாச்சி” என்பார். அதனால் இந்த வாரம் உங்களுக்கு எழுதவில்லை, மன்னியுங்கள்.

பேச்சிமுத்து, பிசானத்துக்கு நாத்துப் பாவ வேண்டாம் வே.